மண்டையோடு ஐந்தாம் அங்கத்தில்தான் வருகிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தை வாழவைப்பது மேடையா, ஏடா?' நான் ஏட்டின் பக்கம்.

எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒரு குத்து குத்தினார். "கையில் மண்டையோடு, வாயில் 'இருப்பதா, இறப்பதா' வசனம். ஜனங்களுக்கு இது போதும், புத்தகத்தைப் பரணில் போடுங்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணே, அப்படி ஒரு காட்சி ஷேக்ஸ்பியர் நாடகத்திலேயே இல்லை!

அந்த வசனம் மூன்றாம் அங்கம், முதல் காட்சி. டென்மார்க் இளவரசன் ஹாம்லெட் அரண்மனைக்குள் வெறுங்கையோடு பேசுகிறான். மண்டையோடு வருவது ஐந்தாம் அங்கத்தில், இடுகாட்டில். நடுவில் அரசவை ஆலோசகர் பொலோனியஸ் குத்துப்பட்டுச் சாகிறார். அவர் மகள் ஒஃபீலியா சித்தம் கலங்கி நீரில் மூழ்கிப்போகிறாள். ஹாம்லெட் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, கடற்கொள்ளையரிடம் சிக்கி, டென்மார்க்குக்கே திரும்பி வருகிறான். அத்தனையையும் விழுங்கிவிட்டு இரண்டு காட்சிகளை ஒன்றாக ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

மண்டையோட்டுப் பேச்சை எடுத்துவிட்டார், நானும் விடமாட்டேன். ஆந்த்ரே சைகோவ்ஸ்கி என்று ஒரு பியானோ கலைஞர், போலந்தில் பிறந்தவர். 1982-இல் இறந்தார். உயிலைப் பிரித்தால், "என் மண்டையோடு ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நாடகக் குழுவுக்கு, நாடகத்தில் பயன்படுத்திக்கொள்ளட்டும்" என்று இருக்கிறது! வீட்டை எழுதிவைப்பார்கள், நிலத்தை எழுதிவைப்பார்கள். இந்த மனுஷன் மண்டையோட்டை எழுதிவைத்தார்! எழுதிவைத்தாரே தவிர, எடுக்கக் கை வர வேண்டாமா? ஒத்திகை வரைக்கும் வரும். நிஜ மனுஷனுடையது என்றதும் மனசு கேட்காது. மறுபடி பெட்டிக்குள் போய்விடும். வருஷங்கள் ஓடின. 2008-இல்தான் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு மேடையில், ஹாம்லெட்டாக நடித்த டேவிட் டெனன்ட் கையில் ஏறியது. செத்து இருபத்தாறு வருஷம் கழித்து மேடையேறிய கலைஞர்!

"பார்த்தீர்களா, மேடையின் மகிமை" என்று அண்ணன் எழுந்திருக்கப் பார்க்கிறார். உட்காருங்கள் அண்ணே. அது எந்தக் காட்சிக்கு வந்தது? 'இருப்பதா, இறப்பதா'வுக்கா? இல்லை, இடுகாட்டில் யோரிக்கின் மண்டையோட்டை ஹாம்லெட் எடுக்கும் காட்சிக்கு! எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தது. அந்த இடத்தைச் சொன்னது எது? ஏடு!

சரி, மண்டையோட்டைக் கையில் எடுத்து ஹாம்லெட் உண்மையில் என்னதான் சொல்கிறான்? சாவதா பிழைப்பதா என்ற தர்க்கம் அங்கே இல்லை. யோரிக் அரண்மனை விதூஷகன், மண்ணுக்குள் போய் 23 வருஷம் ஆகிறது. "ஆயிரம் தடவை என்னை முதுகில் சுமந்தானே, நான் முத்தமிட்ட உதடுகள் இங்கேதானே இருந்தன, பந்தியையே சிரிக்கவைத்த வேடிக்கையெல்லாம் எங்கே?" என்று உருகுகிறான். உங்களையும் யாரோ உப்புமூட்டை தூக்கியிருப்பார்களே? அப்பாவோ, தாத்தாவோ, தாய்மாமனோ? அந்த முதுகு இன்றைக்கு எங்கே?

ஷேக்ஸ்பியருக்கு ஒரே மகன், ஹாம்னெட். 1596-இல், 11 வயதில் இறந்துபோனான். அடுத்த சில வருஷங்களில் இந்த நாடகம் வருகிறது. இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் எழுதிய வரிகள் இவை. அதையா அண்ணே பரணில் போடச் சொன்னீர்கள்?

நடுவர் அவர்களே, உங்களைச் சுமந்த முதுகை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.