சீர் எந்த வீட்டுக்குப் போகும்?

(பல்லடம் பக்கம் மகளிர் குழுக்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க. நாளை மறுநாள் காப்புக் கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை என்று அலைகிற வேலை பாதிப் பேருக்கு இருக்கும், அதனால் நீட்டாமல் பேசிவிடுகிறேன்.

நன்றியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொங்கலுக்கு அது பொருத்தம்தான். ஆனால் நிகழ்ச்சி நிரலில் 'பாதிக்கப்பட்ட சகோதரிகளின் நன்றியுரை' என்று ஒரு வரி இருந்தது. அடி தாங்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவள், மேடையேறி நமக்குக் கும்பிடு போட வேண்டுமா? வேண்டாம் என்றேன், குழுக்காரர்களும் உடனே எடுத்துவிட்டார்கள். அந்த நன்றியை நானே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார். "உன்ற வீட்டுக்காரர் எங்கே அம்மணி?" என்று கேட்காமல் சாவியைக் கொடுத்தார், அட்வான்ஸை மாதாமாதம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டார். ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் ஒரு சூப்பர்வைசர். கேட்டில் வந்து ஒருவன் சத்தம் போட்டபோது "அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை" என்று முகம் மாறாமல் சொன்னார். அப்புறம் ஒரு பக்கத்து வீட்டு அக்கா. ஒரு மஞ்சப்பையை மாதக்கணக்கில் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தார். அதற்குள் ஆதார், ரேஷன் கார்டின் நகல், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு ஜோடித் தோடு. தினமும் அதே டிரம்மில்தான் படி போட்டு அரிசி எடுத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்கே தெரியாது. ஒரு ராத்திரி அந்தப் பை கைமாறியதால்தான் அடுத்த வாரமே பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்க்க முடிந்தது. மூன்று பேருக்கும் நன்றி.

சரி, பொங்கல் நோம்பி நேரத்தில் எதற்கு இந்தப் பேச்சு? நோம்பி வந்தால்தான் வினையே. கம்பெனி லீவு, எல்லோரும் வீட்டில். திருவள்ளுவர் தினத்தன்று டாஸ்மாக் கடை இல்லை என்று முந்தின நாளே வாங்கி அடுக்குகிற கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். இந்தப் பந்தலில் யார் யார் என்று நான் தேடப் போவதில்லை.

அடிக்கிறவனைவிட இந்த நாட்களில் எனக்குப் பயம் நம் பெரிய மனுஷர்கள் மேல்தான். "நோம்பி நாளும் அதுவுமா பொண்ணு இங்கேயே இருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று மாமனும் பெரியப்பனும் கட்டிலில் உட்கார்ந்து பேசுவார்கள். அவனும் புதுச்சேலையோடு வந்து மாரியாத்தா மேல் சத்தியம் பண்ணுவான். பொங்கலுக்கு முன்னால் வண்டியேற்றி அனுப்பிவிட்டு, சேர்த்து வைத்தோம் என்று நாம் நிம்மதியாகச் சாப்பிடுவோம். அடுத்த தடவை அடி விழும்போது அவள் நம்மிடம் வாயே திறக்க மாட்டாள். போவதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கு நோம்பி கெடு ஆகக் கூடாது.

இப்போது சீருக்கு வருகிறேன். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, துணிமணி என்று பொறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் போவது நம் பக்கத்து வழக்கம். மகள் பிரிந்து தனியாக இருந்தால் அது நின்றுவிடுகிறது. கேட்டால், "எந்த வீட்டுக்குக் கொண்டு போறதுங்க?" என்கிறார்கள். அவள் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டுக்குத்தான்! வாடகைக்கு எடுத்த ஒற்றை ரூமாக இருந்தால் என்ன? போன வருசம் ஓர் அண்ணன் டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு கரும்பைக் கட்டிக்கொண்டு, முன்னால் அரிசிப் பையை வைத்து, லைன் வீட்டு வாசலில் போய் இறங்கினார். கரும்பின் தோகை அடுத்த வீட்டுக் கொடியில் மாட்டி ஒரு துணியைக் கிழித்துவிட்டது, அதில் ஒரு சின்னச் சண்டை வேறு. ஆனாலும் அன்றைக்கு அந்த லைன் முழுக்க, இவளுக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்துபோனது. வாசலில் வந்து மிரட்ட நினைப்பவனும் அதற்கப்புறம் கொஞ்சம் யோசிப்பான்.

சீராகக் கொண்டுபோன நகை அந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டதே என்று அழுகிறவர்கள் நிறையப் பேர். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நகையைத் திருப்பித் தரச் சொல்லவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை. குடியிருந்த வீட்டில் தங்கும் உரிமையும் இருக்கிறது, வீடு மாமனார் பேரில் இருந்தாலும் கேட்கலாம். அடி மட்டும்தான் வன்முறை என்றில்லை. செலவுக்குக் காசு தராமல் தவிக்க விடுவதும், அவள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் இதில் வரும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வழக்கு நடத்த இலவசச் சட்ட உதவி உண்டு. முக்கியமாக இது உங்களுக்கு: அக்கம்பக்கத்தார் யார் வேண்டுமானாலும், இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னால் உங்கள் மேல் வழக்கு வராது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பொங்கல் லீவிலும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்நேரமும் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

நோம்பிக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் நிறைய வருவார்கள். அவர்களில் ஒருவர் சாதாரணமாகக் கேட்பதுபோல "அந்தப் பொண்ணு இப்ப எங்கே இருக்குது?" என்பார். தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அவள் பிள்ளைகளோடு பொங்கல் வைக்கிற படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பின்னால் தெரிகிற ஒரு கடைப் பெயர்ப்பலகை போதும், அவன் தேடி வந்துவிடுவான்.

கடைசியாக, இன்றைக்கு வசூலான பணம். இப்படி வெளியே வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போவதாகக் குழுத் தலைவி சொன்னார். பணமாகவே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தந்த அம்மாவே பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப் போய்ப் பிடித்ததை எடுத்துக் கொடுக்கட்டும். கவரைக் கொடுக்கும்போது போட்டோ வேண்டாமுங்க.