வயலினுக்கு மூச்சு முட்டாது

நேயர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் என் அப்பா கிளாரினெட் வாசித்தார். பேண்டு செட்டில் பாடகர் கிடையாது. பாடுவது அந்தக் கறுப்புக் குழல்தான். அதன் வாய்ப்பகுதியில் அவருடைய மேல்பற்கள் பதிந்து இரண்டு சிறிய பள்ளங்கள் விழுந்திருக்கும். புதுப் பாட்டு எடுக்கும்போது டேப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பாடியவர் எங்கெல்லாம் மூச்சு வாங்குகிறார் என்றுதான் முதலில் பார்ப்பார். ஸ்வரமெல்லாம் அப்புறம். "அவர் நிறுத்துகிற இடத்தில் நீயும் நிறுத்து. இல்லையென்றால் பாட்டு கேட்கும், பாடுகிற ஆள் இருக்கமாட்டான்" என்று டிரம்பெட்காரரிடம் சொல்வார்.

பழைய பாப் பாடல்களைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் வாசித்து வெளியிடும் தொகுப்புகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேச்சு நினைவுக்கு வருகிறது. 1970களின் இறுதியில் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 'கிளாசிக் ராக்' என்ற பெயரில் அப்படி ஒரு வரிசையைத் தொடங்கியது. டிரம்ஸ், கிடார், கோரஸ் எல்லாம் உண்டு. ஒலி பாலாற்று வெள்ளம்போல் பெருகி வரும். அந்தப் பெருக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் பாடகரின் வரியை வயலின் கூட்டம் ஏற்றுக்கொள்ளும் இடத்தில் மனம் ஒட்டுவதில்லை. வயலினுக்கு மூச்சு முட்டாது. வில் திரும்புவதே காதுக்குத் தெரியாமல் ஒரு வரியை அடுத்த வரியோடு இழைத்துவிடலாம். இழைத்த பிறகு மிஞ்சுவது மெட்டு மட்டும்தான்.

தந்தி வாத்தியத்தின் மீது பழி போடவில்லை. பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய நால்வர் பாப் குழுவின் 1966ஆம் ஆண்டுப் பாடல் 'எலினார் ரிக்பி'யைக் கேளுங்கள். நால்வரில் ஒருவர்கூட அதில் வாத்தியம் வாசிக்கவில்லை. நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ, அவ்வளவுதான். இசைக்கோர்ப்பு ஜார்ஜ் மார்ட்டின். மைக்கைத் தந்திக்கு மிக நெருக்கமாக வைத்துப் பதிவு செய்தார்கள். வில் தந்தியைக் கடிக்கும் சத்தம் அப்படியே விழும். நீட்டி இழைக்காமல், வெட்டி வெட்டி வாசிப்பார்கள். வெட்டிய இடைவெளியில் குரல் நிற்கிறது.

அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977இல் மறைந்தார். 2015இல் அவருடைய பழைய குரல் பதிவுகளோடு ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் வாசிப்பைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளிவந்தது. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. சில பாடல்களில் ஜோடனை கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். ஆனாலும் அங்கே குரல் இருக்கிறது, மூச்சும் இருக்கிறது. 38 ஆண்டுகளுக்கு முன் அடங்கிப்போன ஒருவரின் மூச்சுக்கு இடம் விட்டு அத்தனை பேரும் வாசிக்கவேண்டியிருந்தது. அந்த இடங்களில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்த முகூர்த்த மாதத்தில் தோட்டப்பாளையத்திலோ காட்பாடியிலோ உங்கள் தெருவழியே ஊர்வலம் போனால், வாசலுக்கு வந்து கிளாரினெட்காரரை மட்டும் பாருங்கள். வரி முடியும்போது அவர் கன்னம் தளரும். அந்த ஒரு கணம் சைடு டிரம் மட்டும் தனியாக ஓடும்.

வணக்கம்.