திராட்சை டப்பாவுல ஒரு எலும்புக்கூடு

வணக்கம் மக்களே. இன்னைக்கு பட்டறை வேலை எல்லாம் ஓரம். ஒரே ஒரு பிரிண்ட் பத்திப் பேசப்போறேன்.

சன்-மெய்ட் உலர்திராட்சை டப்பா பார்த்திருப்பீங்க. சிவப்புத் தொப்பி போட்ட பொண்ணு, கையில தட்டு நிறைய திராட்சை, பின்னாடி பெரிய சூரியன். 1982-ல எஸ்டர் எர்னாண்டஸ்ங்கிற கலைஞர் அந்த டப்பாவையே ஸ்க்ரீன் பிரிண்ட்டா போட்டாங்க. தொப்பி, தட்டு, சூரியன் எல்லாம் இருக்கு. பொண்ணு மட்டும் எலும்புக்கூடு. பேரு 'சன் மேட்' (Sun Mad). மெய்டுங்கிற பொண்ணு 'மேட்' ஆயிட்டா, அதாவது கோபம், பைத்தியம். கீழே பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லின்னு பட்டியல் வேற!

இது யாரோ வெளியில இருந்து அடிச்ச கிண்டல் இல்லீங்க. எஸ்டர் 1944-ல கலிஃபோர்னியாவுல டைனூபாங்கிற ஊர்ல பொறந்தவங்க. சுத்தி திராட்சைத் தோட்டம். மெக்சிகோ வேரும் யாக்கி பழங்குடி வேரும் உள்ள குடும்பம், தோட்டக் கூலி வேலை. அந்த ஊர்த் தண்ணியில பூச்சிமருந்து கலந்திருக்குன்னு பின்னாடி தெரியவருது. அவங்க குடிச்சு வளர்ந்த தண்ணி அது. அந்தக் கோபம்தான் இந்த பிரிண்ட்.

சரி, எலும்புக்கூடு ஏன்? மெக்சிகோவுல அதுக்கு 'கலவேரா'ன்னு பேரு. நவம்பர் 1, 2 தேதிகள்ல இறந்தவங்களுக்கான திருநாள். அப்போ சர்க்கரையில மண்டையோடு செஞ்சு வைப்பாங்க. 1913-ல இறந்துபோன போசாடாங்கிற அச்சுக் கலைஞர், எலும்புக்கூடு சைக்கிள் ஓட்டுற மாதிரி, சீமாட்டி தொப்பி போட்டுக்கிட்ட மாதிரியெல்லாம் வரைஞ்சு மலிவுத் தாள்ல அச்சடிச்சார். நையாண்டிதான். அதனால இந்த டப்பாவை அமெரிக்கக் கண்ணால பார்த்தா முதல்ல பயம் வரும். மெக்சிகோ வீட்டுல வளர்ந்தவங்களுக்கு அதுக்குள்ள இருக்குற நக்கலும் சட்டுன்னு பிடிபடும். எஸ்டருக்கு ரெண்டு கண்ணும் உண்டு.

எனக்கு இன்னும் பிடிச்சது தொழில் சங்கதி. ஸ்க்ரீன் பிரிண்ட்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்க்ரீன், அதாவது மையைத் தள்ளி இறக்குற வலைச் சட்டம். கல்யாணப் பத்திரிகை போடறவங்களுக்குத் தெரியும், ரிஜிஸ்டர், அதாவது ஒரு கலர் மேல இன்னொண்ணு சரியா உட்காருறது, கொஞ்சம் விலகினா போச்சு. கலர் தட்டையா, அழுத்தமா விழும். கடை டப்பாவும் அந்த மாதிரி தட்டைக் கலர்தானே? விளம்பரத்தோட பாஷையிலேயே விளம்பரத்துக்குப் பதில் சொல்லிட்டாங்க. இதையே எண்ணெய் ஓவியமா வரைஞ்சிருந்தா இந்தக் குத்தல் வந்திருக்காதுன்னு நான் நினைக்கிறேன். ஒரே ஒரு சுவர்ல மாட்டி முடிஞ்சிருக்கும். பிரிண்ட்னா எத்தனை சுவர் வேணும்னாலும் போகும்.

இதுக்கு முன்னாடியே, 1976-ல, 'லிபர்டாட்'னு (ஸ்பானிஷ்ல சுதந்திரம்) ஒரு எட்ச்சிங் போட்டாங்க, அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால அரிச்சு எடுக்குற அச்சு. ஒரு பொண்ணு உளியால சுதந்திர தேவி சிலையைச் செதுக்குறா, உள்ளேயிருந்து மாயாங்கிற பழைய அமெரிக்கப் பழங்குடி நாகரிகத்தோட சிற்பம் வெளியே வருது. இந்த மண்ணுல யார் முதல்ல இருந்தாங்கன்னு கேக்குறாங்க. செதுக்குற கலைஞரையே படத்துக்குள்ள நிறுத்தினது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

2008-ல எலும்புக்கூட்டம்மா திரும்ப வந்தாங்க. 'சன் ரெய்டு'. இந்தத் தடவை மெக்சிகோ பழங்குடிப் பெண்கள் போடற உடுப்பு, கையில அமெரிக்கக் குடிவரவுத் துறையோட கண்காணிப்புப் பட்டை. 'நாடுகடத்தல் உத்தரவாதம்'னு எழுத்து, கூடவே பழங்குடிகளோட பேரு. விஷயம் கனமானதுதான், ஆனா எழுத்து ஜாஸ்தி. நின்னு படிக்க வைக்குது. முதல் டப்பா தூரத்துல இருந்தே அறையும். என் ஓட்டு அதுக்குத்தான். ரெண்டையும் தேடிப் பார்த்துட்டு உங்க ஓட்டு எதுக்குன்னு கீழே கமெண்ட்ல போடுங்க, சண்டை போடலாம்.