மீட்டர் சூப்பர்னு சொல்லுது, புழு வேற கதை சொல்லுது!

மத்தியானம் 2 மணி, குளத்துல மீட்டர விட்டா ஆக்சிஜன் லிட்டருக்கு 11 மில்லிகிராம். பசங்க எல்லாம் கை தட்றாங்க. அதே இடத்துல சேத்த அள்ளி டீ வடிகட்டில அலசி வெள்ளை ட்ரேல கொட்டுனா, நத்தை இல்ல, தட்டான் குஞ்சு இல்ல, சிவப்பா நெளியுற புழு மட்டும்தான். யாரு பொய் சொல்றா?

இது எங்க காலேஜ் ஃபீல்ட் ஒர்க்ல நடந்தது, கோயம்புத்தூர்ல ஒரு குளம், பேரு வேணாம். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் இருந்து வர்ற நொய்யல் தண்ணிய தேக்குற குளங்கள்ல ஒண்ணு, வரலாறு போதும், வாங்க.

30 டிகிரி தண்ணியில காத்துல இருந்து கரையுற ஆக்சிஜன் ஏழரைதாங்க. ஆமா, அதே ஏழரை. அப்ப 11 எப்படி வந்துச்சு? சாக்கடை கலந்து தண்ணி பச்சையா இருக்கு, அந்தப் பாசி வெயில்ல ஆக்சிஜன தயாரிச்சு தள்ளுது, ராத்திரி ஆனா பாசியும் மூச்சு விடணும் சேத்துல இருக்கிற பாக்டீரியாவும் மூச்சு விடணும், விடியக்காலைல பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணுமே மிச்சம் இருக்காது. நாம காலேஜ் பஸ் டைமுக்கு போய் அளந்தா நல்ல நேரத்த மட்டும்தான் அளப்போம். புழு வாரக்கணக்கா அங்கேயே கெடக்குது. அதோட சிவப்பு ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்குற மாதிரியேதான், அதனாலதான் ஆக்சிஜன் கொறஞ்ச சேத்துலயும் தாக்குப்பிடிக்குது. நல்ல குளத்துலயும் நாலு இருக்கும், அது மட்டுமே இருந்தாதான் டவுட்.

[க்ளோசப்: தட்டான் குஞ்சு, வேற குளத்துல எடுத்தது]

இவர பாருங்க, என் ஃபேவரிட். மூச்சு விடுறது பின்பக்கத்தால! செவுள் அங்க உள்ளதான் இருக்கு. தண்ணிய உள்ள இழுக்கும், ஆபத்துன்னா அதையே பீச்சி அடிச்சு ராக்கெட் மாதிரி பறந்துரும். சாப்பாடுன்னா மடிச்சு வச்சிருக்கிற கீழ் உதடு டக்னு நீண்டு கொசுப்புழுவ கவ்வும். நம்ம வீட்டு மிக்சில கூட இவ்ளோ அட்டாச்மெண்ட் இல்லீங்க.

றெக்கை மொளைக்கிற அன்னைக்கு இது கோரைத்தண்டு புடிச்சுதான் மேல ஏறும். நாம என்ன பண்றோம், கோரைய புடுங்கிட்டு சுத்தி கான்கிரீட் கரை, நடைபாதை, செல்ஃபி பாயிண்ட், சாக்கடை மட்டும் அப்படியே உள்ள வருது. எனக்கு கடுப்பாகுது. முதல்ல அந்த பைப்ப அடைங்கப்பா.

அடுத்த வீடியோல காலைல 5 மணிக்கு அதே இடத்துல மீட்டர விடப்போறோம், எவ்ளோ காட்டும்னு கமெண்ட்ல கெஸ் பண்ணுங்க. கூட வர்றவங்க டீ வடிகட்டி அவங்கவங்க கொண்டு வாங்க, எங்கம்மா இனிமே தர மாட்டாங்களாம்.