சடங்கு வேறன்னா மனசும் வேறயா?

நடுவர் அவர்களே, வேலூர் சனங்களே, வணக்கம். சடங்கு சம்பிரதாயம் வேற வேறயா இருக்கறதுதான் மனுசங்கள பிரிக்குதுன்னு எதிரணி அண்ணன் பேசிட்டு போனாரு, நம்ம கோட்டையிலயே அதுக்காகத்தான் ரத்தம் ஓடுச்சின்னு வேற சொன்னாரு. கோட்டைக்கு அப்புறம் வரேன், மொதல்ல ஒரு வளையல பத்தி சொல்லணும்.

நம்மூர் ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் தெருவுல நடந்தா போர்டெல்லாம் பெங்காலியில இருக்கும், பாத்திருப்பீங்க. எங்கம்மாவுக்கு ஆபரேஷன் அன்னைக்கி பக்கத்து பெட்ல வங்காளத்துல இருந்து வந்த ஒரு அக்கா. கையில சங்க அறுத்து செஞ்ச வெள்ள வளையல், ஒரு செவப்பு வளையல், ஒரு இரும்பு வளையல். தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழட்டணும்னு சொன்னதும் அழுவ ஆரம்பிச்சிட்டாங்க. வளையலுக்கு போயி இன்னா அழுவன்னுதான் நானும் நெனச்சேன். எங்கம்மாதான் "டேய், அது அவங்க தாலிடா"ன்னாங்க. அவங்களுக்கு பெங்காலியில ஒரு வார்த்த தெரியாது, ஆனா கொஞ்ச நேரம் முன்னாடி தாலிய கழட்டி என்னாண்ட குடுத்துட்டு வெறுங்கழுத்த முந்தானையால மூடிகினு உக்காந்திருந்தவங்க. தாலி முடிஞ்ச மஞ்சத்துணிய ரெண்டா கிழிச்சி, அந்த வளையல முடிஞ்சிக்கச் சொல்லி பாதிய அந்தக்கா வீட்டுக்காரராண்ட குடுத்தாங்க. டிஸ்சார்ஜ் ஆயி கெளம்பறப்ப அந்தக்கா "ஆஷி"ன்னாங்க. அப்டின்னா வரேன்னு அர்த்தமாம், கெளம்பும்போது போறேன்னு சொல்றது அவங்க ஊர்லயும் ஆவாதாம்!

இப்ப கோட்டை. 1806 ஜூலை 10, கிழக்கிந்திய கம்பெனிய எதுத்து அதோட சிப்பாய்ங்களே நம்ம கோட்டையில எழுந்த நாளு. அதுக்கு முன்னாடி கம்பெனிக்காரன் சிப்பாய்ங்களுக்கு உத்தரவு போட்டான், நெத்தியில விபூதி நாமம் கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் வச்ச புது தலப்பாதான் கட்டணும். நல்லா பாருங்கய்யா, நாமம் இந்துவோடது, தாடி முஸ்லிமோடது, ஒருத்தரோடது இன்னொருத்தருக்கு கெடையவே கெடையாது. ஆனா ராத்திரியோட ராத்திரியா எழுந்தப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுந்தாங்க. ஆற்காட்டுல இருந்து குதிரைப்படை வந்து அடக்கிடுச்சி, எத்தினியோ உசுரு போச்சி, அத நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது. ஆனா அந்த உத்தரவு ரத்து ஆச்சி, கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் சீமைக்கே திருப்பி கூப்ட்டுகினாங்க.

ரத்தம் ஓடுனது வாஸ்தவம். அத ஓட வச்சது அடுத்தவன் நெத்தியில கை வச்ச உத்தரவு. எதிரணி அண்ணன் அடுத்த ரவுண்டுல வந்து சொல்லட்டும், அந்த ராத்திரி சிப்பாய்ங்கள பிரிச்ச சடங்கு எது?