மனத்தைத் தேற்றினால் போதுமா?

நடுவர் அவர்களே, கொழும்பு வெள்ளவத்தையின் மாலை நெரிசலைத் தாண்டி வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். பிள்ளைகளுக்கான உளவளத்துணையில், அதாவது கவுன்சிலிங்கில், பாலியல் கல்வியும் வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

"உளவளத்துணைக்கு வரும் பதின்ம வயதுப் பிள்ளையின் மனத்தைத் தேற்றினால் போதும், பாலியல் பாடம் எதற்கு?" என்று எதிரணித் தம்பி கேட்டுவிட்டுப் போனார். அந்த மனம் எதனால் உடைந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

தரம் 10 படிக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். நித்திரை இல்லை, உடம்பில் களைப்பு, படிப்பில் மனமில்லை. வீட்டில் ஓ.எல். பரீட்சைப் பயம் என்கிறார்கள். அவனோ, இரவில் தானாக விந்து வெளியேறுவதைக் கண்டு உடம்பு உருகிப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருக்கிறான். 40 துளி இரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து என்ற கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்தை 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரங்கள் பார்த்துக்கொண்டன. தெற்காசியாவில் இந்தப் பயம் எவ்வளவு பரவலென்றால், இந்திய மனநல மருத்துவர் நரேந்திர விக் 1960இல் இதற்குத் 'தாத் நோய்க்குறி' என்று பெயரே வைத்துவிட்டார். உடம்பு எப்படி இயங்குகிறது என்று விளக்குவதுதான் இதற்கான சிகிச்சையில் முக்கியமான பகுதி. அந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? "கவலைப்படாதே தம்பி" மட்டும்தான்.

பெண்பிள்ளைக்கு? வயதுக்கு வந்ததும் சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பிடிக்கிறோம், வீடியோக்காரரைப் பிடிக்கிறோம். ஏன் இரத்தம் வருகிறது என்று சொல்ல மட்டும் ஒருவரையும் பிடிப்பதில்லை. பலகாரத்துக்குக் குறைவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

"சொல்லிக்கொடுத்தால் ஆசையைத் தூண்டும்" என்றார் எதிரணிச் சகோதரி. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் பிள்ளைகள் பாலுறவில் ஈடுபடுவது கூடவில்லை என்கிறது. சரி, போனில் வருவதை மட்டும் யார் தணிக்கை செய்கிறார்கள்?

துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளையின் நிலை இன்னும் பாரமானது. நடந்தது என்னவென்றே விளங்காமல், பிழை தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறது. இலங்கைச் சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையின் சம்மதம் சம்மதமே இல்லை. அதை அவளுக்கு யார் சொல்வது? சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழைப்பதற்கும், நடந்தது குற்றமென்று முதலில் தெரிய வேண்டுமே!

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டச் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர், வயதுக்கேற்றபடி, பிள்ளையின் கேள்வியிலிருந்து தொடங்கட்டும். எதை இரகசியமாக வைப்பார், எதைப் பாதுகாப்புக்காக வெளியே சொல்லியே ஆகவேண்டும் என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லட்டும். அம்மா அப்பாவையும் ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைக்கட்டும். அவர்களுக்கும் இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.