பழைய ரிவால்வரைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

அடுத்த கேள்வி, அமெரிக்காவிலிருந்து ஒரு நேயர். "ஏலத்தில் கோல்ட் (Colt) கம்பெனியின் 1851 நேவி ரிவால்வர் ஒன்று வாங்கினேன். முழுக்கப் பழுப்பு ஏறி, அங்கங்கே துரு. தேய்த்துவிட்டுப் புதிதாக ப்ளூயிங் (இரும்புக்குக் கருநீல நிறம் ஏற்றுவது) செய்யலாமா?"

வேண்டாம் சார். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இது தோட்டா போடும் ரகம் இல்லை. சிலிண்டர் என்கிற, ஆறு அறை உள்ள சுழல் உருளையின் முன்பக்கமாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டிக்கிற ரகம். யாரோ ஒரு காலத்தில் கெட்டித்தது இன்னும் உள்ளேயே இருக்கலாம். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஆறு அறையிலும் மெல்லிய மரக்குச்சி விட்டு ஆழம் பாருங்கள். அடிவரை போகவில்லையா, அப்படியே விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டு போய்விடுங்கள்.

காலி என்று உறுதியானதும், சிலிண்டரை வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்புங்கள். பாய்மரக் கப்பல்கள் தெரிகின்றனவா? 1843 மே 16-ம் தேதி டெக்சாஸ் கடற்படையும் மெக்சிகோ கடற்படையும் மோதிய சண்டை அது. 'நேவி' என்ற பெயருக்கும் பொருத்தம்தான். ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் வெட்டிய அச்சை வைத்து, இரும்பில் உருட்டிப் பதித்தார்கள். கோடெல்லாம் முடி கனம்தான். மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும், கப்பலும் போச்சு, கடலும் போச்சு. என் முதல் ரிவால்வரில் அப்படிச் செய்துவிட்டு, பெருமையாக நாலு பேரிடம் வேறு காட்டினேன்! வாங்க வந்தவர் ஒரே பார்வை பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டார்.

சரி, என்னதான் செய்யலாம்? செந்துரு மேலும் அரிக்கும், அதை மட்டும் எடுங்கள். மெல்லிய எண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, பித்தளைக் கம்பிப் பஞ்சால் அழுத்தாமல் துடையுங்கள். பழுப்பைத் தொடாதீர்கள், வயதுக்குச் சாட்சி அதுதான். குழலைப் பிடித்திருக்கும் ஆப்பு இறுகியிருந்தால் இரும்புச் சுத்தியல் ஆகாது. மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். ஆப்பைத் தொலைத்தும் விடாதீர்கள். குழல், சட்டம், சிலிண்டரில் இருக்கும் வரிசை எண் ஆப்பிலும் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால்தான் மதிப்பு.

அப்புறம் பிடியின் பின்பட்டை. பித்தளைதானே என்று குத்துவிளக்குக்குப் போடும் பாலிஷைப் போட்டுவிடாதீர்கள். மரமும் பித்தளையும் சேரும் இடுக்கில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தால், அது அழுக்கில்லை. தொழிற்சாலையில் பூசிய வெள்ளி முலாம்.